உங்கள் பிள்ளைக்கு மாற்றுப் பாடசாலை பொருந்துமா? ரொறன்ரோப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

'மாற்றுப் பாடசாலை' என்று சொன்னதும், குழப்படிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும் இடம் என்றே நம்மவரில் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வேறு சிலரோ, அது பணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளி என்று நினைக்கிறார்கள். ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபை நடத்தும் மாற்றுப் பாடசாலைகளுக்கு இந்த இரண்டு எண்ணங்களும் பொருந்தா. அவை அரசுப் பாடசாலைகள், கட்டணம் கிடையாது, ஆசிரியர்களைப் பதிவுசெய்யும் அமைப்பான ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின் சான்றிதழ் பெற்றவர்களே அங்கும் கற்பிக்கிறார்கள், மாகாணத்தின் பாடத்திட்டமே அங்கும் பின்பற்றப்படுகிறது, உயர்நிலை முடிக்கும் மாணவருக்குக் கிடைப்பதும் மற்றப் பாடசாலைகளில் கிடைக்கும் அதே டிப்ளோமாதான். கற்பிக்கும் முறையும், பாடசாலையின் அளவும், பெற்றோரிடம் அது எதிர்பார்க்கும் உழைப்புமே வேறுபடுகின்றன.

தேடத் தொடங்குமுன் இந்தப் பாடசாலைகள் எப்படித் தோன்றின என்பதைச் சற்று அறிந்துகொள்வது உதவும், ஏனெனில் ஒவ்வொன்றின் இயல்பும் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1968 இல் பதின்ம வயதினருக்கான கோடைகாலத் திட்டமாகத் தொடங்கிய 'சீட்', மாணவர்கள் தாங்கள் கற்க விரும்புவதைச் சொல்ல, அதை அறிந்த பெரியவர்களைத் தேடிப் பிடித்துத் தருவதைத் தன் வழியாகக் கொண்டிருந்தது. 1970 இல் அது முழுநேரப் பாடசாலையாயிற்று. 1972 இல் பெற்றோர் சிலர் சேர்ந்து தொடக்கிய 'அல்ஃபா' தரப்புள்ளிகளையும் பரீட்சைகளையும் ஒதுக்கிவைத்து, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாகப் பழகவிட்டது. தங்கள் மொழியும் சடங்கும் வகுப்பறையில் இடம்பெற வேண்டும் என்று முதற்குடியினப் பெற்றோர் விரும்பியதால் 1977 இல் 'வொண்டரிங் ஸ்பிரிற்' பாடசாலை உருவானது. கறுப்பினப் பெற்றோரின் கோரிக்கை கடும் விவாதத்துக்குப் பின் 2008 ஜனவரியில் 11க்கு 9 என்ற வாக்கில் சபையில் நிறைவேறி, ஆபிரிக்க மையப் பாடசாலை 2009 செப்டம்பரில் கதவு திறந்தது. அதே ஆண்டில் தொடங்கியவற்றுள் 'த குரோவ்' சுற்றுச்சூழலையும் சமூக நீதியையும் முன்னிறுத்துகிறது. 'ஈக்குவினொக்ஸ்' பிள்ளைகளை மழையானாலும் பனியானாலும் நெடுநேரம் வெளியில் வைத்துக் கற்பிக்கிறது. இவற்றுள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தூரம், எந்தவொரு வழக்கமான பாடசாலைக்கும் அவற்றுக்கும் உள்ள தூரத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆகவே 'மாற்றுப் பாடசாலை நல்லதா' என்று எவரையும் கேட்காதீர்கள். குறிப்பிட்ட ஒரு பாடசாலையின் பெயரைச் சொல்லி, குறிப்பிட்ட ஒரு பிள்ளையை மனத்தில் வைத்துக் கேட்டால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு.

பிள்ளையைப் படித்தல்

பிள்ளையைப் பற்றிய முதல் சான்று உங்கள் வீட்டு மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது. ஒன்ராறியோத் தேர்ச்சி அறிக்கை கைக்கு வந்ததும் நாம் கணிதப் புள்ளியைத் தேடிப் புரட்டிவிடுவதால் அதன் முதற்பக்கத்தைப் பெரும்பாலும் வாசிப்பதே இல்லை. பொறுப்புணர்வு, ஒழுங்கமைப்பு, தனித்துச் செயற்படல், கூட்டாகச் செயற்படல், முன்முயற்சி, தன்னைத் தானே நெறிப்படுத்தல் என ஆறு கற்றல் திறன்கள் அங்கே தரப்படுத்தப்பட்டிருக்கும். மிகச் சிறப்புக்கு ஈ, நன்றுக்கு ஜி, திருப்திக்கு எஸ், மேம்பாடு தேவைக்கு என் என்று எழுத்துகள் இடப்பட்டு, கீழே ஆசிரியரின் சில வரிகளும் இருக்கும். கடந்த இரண்டு, மூன்று ஆண்டு அறிக்கைகளை ஒன்றாகப் பரப்பி இந்தப் பகுதியை மட்டும் வாசியுங்கள். பாடங்களில் சராசரியாக இருந்தும் முன்முயற்சியில் ஆண்டுதோறும் ஜி அல்லது ஈ வாங்கும் பிள்ளை, தானே தெரிவுசெய்து கற்கும் பாடசாலையில் செழிக்க வாய்ப்பு அதிகம். எல்லாப் பாடங்களிலும் ஏ வாங்கிக்கொண்டு, தனித்துச் செயற்படலில் எஸ் மட்டும் பெறும் பிள்ளையோ, ஒவ்வொரு அடிக்கும் ஆசிரியரின் சொல்லை எதிர்பார்த்து நிற்கும் பிள்ளையாக இருக்கக்கூடும். அத்தகைய பிள்ளைக்கு முதல் தவணை திசை தெரியாத காடாகிவிடும்.

இரண்டாவது சான்றைத் திரட்ட ஒரு சனிக்கிழமை போதும். வகுப்பு எதுவும் வேண்டாம். தொலைபேசி, தொலைக்காட்சி, கணினி எதுவும் வேண்டாம். என்ன செய்வது என்று நீங்களும் சொல்ல வேண்டாம். முதல் மணித்தியாலம் முழுவதும் சலிப்பும் முறைப்பாடுமாகவே கழியும், அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. மூன்றாவது மணித்தியாலத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். அட்டைப் பெட்டியை வெட்டி எதையாவது கட்டுகிறதா, தம்பியைச் சேர்த்துக்கொண்டு ஒரு விளையாட்டுக்கு விதி எழுதுகிறதா, குசினிக்குள் வந்து மா பிசையக் கேட்கிறதா, அல்லது இன்னமும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறதா? இதை ஒருமுறை பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள். வாரம் ஏழு நாளும் ரியூஷன், நடனம், நீச்சல் என்று ஓடிய பிள்ளைக்கு வெறும் பொழுதைக் கையாளும் பழக்கமே இருக்காது. அது பிள்ளையின் இயல்பு ஆகாது, நாம் போட்ட அட்டவணையின் விளைவு. நான்கைந்து சனிக்கிழமைகளுக்குப் பின்னும் மாற்றம் இல்லையென்றால்தான் அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேரம் பிசகினால் கலங்கும் பிள்ளை, இன்றைக்கு என்ன நடக்கும் என்பதைக் காலையிலேயே தெரிந்துகொள்ள விரும்பும் பிள்ளை, பெரிய உதைபந்தாட்ட அணியிலும் வாத்தியக் குழுவிலும் மகிழ்ச்சி காணும் பிள்ளை ஆகியோருக்குச் சிறிய மாற்றுப் பாடசாலை இழப்பாகவே முடியலாம். இவற்றுள் சிலவற்றில் மொத்த மாணவர் தொகையே நூறை எட்டுவதில்லை. ஒரு வயதில் ஐந்து பெண்பிள்ளைகள் மட்டுமே இருக்கும் இடத்தில் ஒருத்தியுடன் மனக்கசப்பு வந்தால், ஒதுங்கிப்போய் அமர வேறு மேசை இல்லை. அதே ஐவரும் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ஒன்றாகவே இருப்பார்கள். பெரிய பாடசாலையில் கூட்டத்துக்குள் தொலைந்துபோன பிள்ளைக்கு பாடசாலையின் இதே சிறிய அளவு வரமாக அமைவதும் உண்டு, ஏனென்றால் அங்குள்ள ஒவ்வொரு பெரியவரும் அதன் பெயரை அறிந்திருப்பார். தற்போதைய பாடசாலையில் நடக்கும் கேலியிலிருந்து தப்பிப்பதற்காக மட்டும் இடம் மாற்ற நினைப்பவர்கள் முதலில் அங்குள்ள அதிபருடன் அந்த விடயத்தை எழுத்தில் பேசி முடிக்க வேண்டும். தப்பியோடுவதற்காகத் தெரிவுசெய்த இடத்தை அதன் சொந்தக் குணத்துக்காக எடைபோட யாராலும் முடிவதில்லை.

உங்களைப் படித்தல்

பிள்ளையை ஆராய்வதைவிட இதுவே கடினமான பகுதி. நம்மில் பலர் ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று ஒவ்வொரு வாசலிலும் புள்ளிகளால் அளக்கப்பட்டு வளர்ந்தவர்கள். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற கேள்விக்குப் பதில் இல்லாத ஒரு கல்வியை நாம் நம்புவதாகச் சொல்வது எளிது. பெப்ரவரி மாதத்தில் எண்ணோ எழுத்தோ முன்னிற்காமல், பிள்ளை எதில் ஆர்வம் காட்டியது, எங்கே தடுமாறியது என்று நான்கு பந்திகளில் எழுதப்பட்ட ஓர் அறிக்கை வரும்போது அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். நான் தாங்கவில்லை. மகளை அப்படியொரு பாடசாலையில் சேர்த்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் வாரத்தில் நான்கு மாலைகள் கணித வகுப்புக்கு அனுப்பத் தொடங்கினேன். பகலில் 'உன் வேகத்தில் படி' என்றும், இரவில் 'மற்றவர்களைவிடப் பின்தங்கிவிட்டாய்' என்றும் இரண்டு குரல்களைக் கேட்ட பிள்ளை இரண்டையும் நம்பாமல் போனதில் வியப்பில்லை. ஒரு மாலை வகுப்பால் தீங்கில்லை. நான்கு மாலைகள் வேண்டியிருக்கும் என்று உங்கள் மனம் இப்போதே சொல்லுமானால், நீங்கள் விரும்பும் பாடசாலை வேறு.

தாய் தந்தை இருவரும் ஒரே கருத்தில் இருக்கிறார்களா என்பதையும், வீட்டிலுள்ள அம்மம்மாவும் தாத்தாவும் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்க்கைக்கு முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள். இந்தப் பாடசாலைகள் பலவற்றில் பிள்ளைகள் ஆசிரியரை அவரது முதற்பெயரால் அழைக்கிறார்கள். ஆசிரியரின் நிழலை மிதிக்கவும் அஞ்சி வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அது காதில் நாராசமாக ஒலிக்கும். மரியாதை போய்விட்டது என்று வீட்டில் ஒவ்வொரு இரவும் சொல்லப்படுமானால், நடுவில் மாட்டிக்கொள்வது பிள்ளைதான்.

அடுத்தது உங்கள் நேரம். ஒன்ராறியோவில் எல்லா அரசுப் பாடசாலைக்கும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள ஒரு பாடசாலை மன்றம் இருக்க வேண்டும் என்பது சட்டம். வழக்கமான பாடசாலையில் நாம் அதற்குப் போகாவிட்டாலும் எதுவும் நின்றுவிடுவதில்லை. மாற்றுப் பாடசாலையில் அப்படியில்லை. மாலைக் கூட்டங்கள், செயற்குழுக்கள், களப்பயணத்துக்குத் துணை போதல், நிதி சேர்த்தல், சில இடங்களில் வகுப்பறையிலேயே உதவி என்று பெற்றோரின் உழைப்பைக் கணக்கில் வைத்தே அங்கே நாள் ஓடுகிறது. தன்னார்வமாகப் பிள்ளைகளுடன் இருப்பதற்குப் பொலிஸ் சரிபார்ப்பும் தேவைப்படும். மாதத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று நேராகவே கேளுங்கள். அதன்பின், இரவு முறை வேலை செய்யும் பெற்றோரும் தனித்து வளர்க்கும் தாயும் இங்கே எப்படிப் பங்களிக்கிறார்கள் என்று கேளுங்கள். 'அவர்கள் வார இறுதியில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன' என்று உடனே பதில் வந்தால் அந்தப் பாடசாலை இதைப் பற்றி யோசித்திருக்கிறது. ஒரு நொடி மௌனமும் ஒரு புன்னகையும் வந்தால் அதுவும் பதில்தான்.

தூரம்

ஸ்காபரோவிலும் அதற்கு அப்பாலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் முடிவை உண்மையில் எடுப்பது வரைபடம். தொடக்கநிலை மாற்றுப் பாடசாலைகளில் பெரும்பாலானவை பழைய ரொறன்ரோ நகர எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. விரும்பித் தெரிவுசெய்யும் இவற்றுக்கு மஞ்சள் நிறப் பாடசாலைப் பேருந்து வரும் என்று எண்ணிவிடக் கூடாது. 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நகரப் போக்குவரத்துச் சேவையான ரி.ரி.சி.யில் பயணம் இலவசம் என்பது உண்மை, ஆனால் ஏழு வயதுப் பிள்ளையுடன் நீங்களும் போய்த் திரும்ப வேண்டும். 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்.ரி. தொடருந்து தடம்புரண்டு, அந்தப் பாதை அப்படியே மூடப்பட்ட பிறகு, மல்வேர்ன் பக்கத்திலிருந்து கென்னடி நிலையத்துக்கு வருவதே பேருந்தை நம்பிய காரியமாகிவிட்டது. ஜனவரி மாதத்தில், பனி கொட்டும் ஒரு வேலைநாள் காலையில், பாடசாலை தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேருமாறு அந்தப் பயணத்தைப் பிள்ளையுடன் ஒருமுறை செய்து பாருங்கள். கூகுள் வரைபடம் ஞாயிற்றுக்கிழமை சொன்ன கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். தூரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பாடசாலை நண்பர்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்கு அப்பால் இருப்பார்கள். தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கோ உங்கள் பிள்ளை வேறு பாடசாலைக்காரன்.

நேரில் பார்த்தல்

திறந்த நாள் என்பது பெண் பார்க்கும் படலம் போன்றது. எல்லாம் துடைத்து, பூ வைத்து, தட்டு நீட்டியிருக்கும். அதற்குப் போங்கள், ஆனால் சாதாரண நாளொன்றில் வகுப்பைப் பார்க்கவும் அனுமதி கேளுங்கள். உள்ளே நுழைந்ததும் ஆர்வமாக எதையோ செய்துகொண்டிருக்கும் பிள்ளைகள்தான் கண்ணில் படுவார்கள், அவர்களை விட்டுவிடுங்கள். எதிலும் சேராமல் சுவரோரமாக நிற்கும் ஒரு பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும். அந்தப் பிள்ளையை அரைமணி நேரம் பாருங்கள். பெரியவர் யாராவது அதை எப்போது கண்டார், கண்டபின் கட்டளையிட்டாரா, பக்கத்தில் அமர்ந்து பேசினாரா, வேண்டுமென்றே சிறிது நேரம் விட்டுவைத்தாரா என்பதிலிருந்து அந்தப் பாடசாலையின் கொள்கை எந்தக் கையேட்டைவிடவும் தெளிவாகத் தெரியும். சண்டை மூண்டால் உங்களுக்கு நல்ல நாள். அது தீர்க்கப்படும் விதத்தைக் கடைசி வரை இருந்து பாருங்கள்.

வகுப்பறையில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். நேரமும் தொடர்புகளும் உள்ள நடுத்தர வர்க்க வெள்ளையினக் குடும்பங்களே இந்தப் பாடசாலைகளை அதிகம் பயன்படுத்துகின்றன என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் குறை. எல்லாப் பாடசாலைக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. இருந்தாலும் முப்பது பேரில் உங்கள் பிள்ளை மட்டுமே மண்ணிறத் தோலுடன் இருக்குமானால், அதைப் பற்றி அங்கே யாருடன் பேச முடியும் என்று கேட்பதில் தவறில்லை.

கேள்விகளைப் பொறுத்தவரை, 'உங்கள் தத்துவம் என்ன' என்று கேட்டு ஒரு மணித்தியாலச் சொற்பொழிவை வாங்கிக்கொள்ள வேண்டாம். இரண்டாம் தரம் முடிந்தும் சரளமாக வாசிக்காத பிள்ளைக்குக் கடந்த ஆண்டு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பின்னங்களை ஒரு பிள்ளை கற்க விரும்பவே இல்லையென்றால் ஐந்தாம் தரத்தில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். மூன்றாம், ஆறாம் தரங்களில் நடக்கும் ஈ.கியூ.ஏ.ஓ. மாகாணப் பரீட்சைகளை எப்படி எதிர்கொள்கிறீர்கள், உங்களிடமிருந்து ஆறாம் அல்லது எட்டாம் தரத்துடன் வெளியேறியவர்கள் எங்கே போனார்கள், இடையில் விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்பவையும் கேட்க வேண்டியவை. எல்லாவற்றிலும் முக்கியமானது, ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறார்கள் என்பது. நான்கு ஆசிரியர்கள் உள்ள பாடசாலையில் ஒருவர் போனால் பாடசாலையின் கால்வாசி போய்விடுகிறது. மாணவர் தொகை சற்றுக் குறைந்தாலே ஓர் ஆசிரியர் இடம் இல்லாமற்போகலாம். பல மாற்றுப் பாடசாலைகள் வேறொரு பாடசாலையின் கட்டடத்துக்குள் இயங்குவதால் அதிபரும் பொதுவானவராக இருக்கக்கூடும், அவர் இந்தக் கொள்கையில் எவ்வளவு பற்றுள்ளவர் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கற்றலில் தனித்தேவை உள்ள பிள்ளையென்றால், ஐ.ஈ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டத்துக்கான உரிமை எந்த அரசுப் பாடசாலைக்குப் போனாலும் மாறுவதில்லை. முறைப்படி இனங்காணப்பட்ட பிள்ளைக்கு, புதிய இடத்தில் அமர்த்தப்பட்டதிலிருந்து 30 பாடசாலை நாட்களுக்குள் அந்தத் திட்டம் வரையப்பட வேண்டும். உரிமை இருப்பது வேறு, அதை நிறைவேற்ற ஆள் இருப்பது வேறு. சிறப்புக் கல்வி ஆசிரியர் வாரத்தில் எத்தனை அரைநாட்கள் இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார் என்ற ஒரு கேள்வியே போதும்.

உயர்நிலை வகுப்புகள்

ஒன்பதாம் தரத்துக்குப் பின் கதை வேறு. இங்கே ஸ்காபரோவுக்குள்ளேயே 'டெல்ஃபை', 'ஆல்டர்நேட்டிவ் ஸ்காபரோ எடியுகேஷன்' போன்ற பாடசாலைகள் இருப்பதால் தூரம் பெரிய தடையில்லை. டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் எனும் பாட அலகுகள், 40 மணித்தியாலச் சமூகப் பணி, எழுத்தறிவுத் தகுதி என்ற நிபந்தனைகள் மற்றவர்களுக்குப் போலவே. பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பார்ப்பது பன்னிரண்டாம் தரத்தின் ஆறு மேல்நிலைப் பாடங்களை. சிக்கல் அங்கேதான் தோன்றக்கூடும். சிறிய பாடசாலையில் எல்லாப் பாடமும் ஒவ்வோர் ஆண்டும் நடப்பதில்லை. பொறியியலை விரும்பும் பிள்ளைக்குக் கல்குலஸ், பௌதிகம், இரசாயனம் மூன்றும் வேண்டியிருக்கும். அவை அங்கே நடக்கின்றனவா, நடக்காவிட்டால் இணையவழியிலோ கோடை வகுப்பிலோ வேறொரு பாடசாலையிலோ எடுக்க யார் ஒழுங்குசெய்வார்கள் என்பதைப் பத்தாம் தரத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் தெரிவு பிள்ளையுடையதாகவே இருக்க வேண்டும். பெற்றோர் இழுத்து வந்த பதினைந்து வயதுப் பிள்ளையை, வருகையையே மாணவரின் பொறுப்பில் விடும் ஓரிடத்தில் யாராலும் பிடித்துவைக்க முடியாது.

காலக்கணக்கும் திரும்பும் வழியும்

சேர்க்கை முறையும் கடைசி நாட்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், நண்பர் சென்ற ஆண்டு செய்ததை நம்பாமல் கல்விச்சபையின் தளத்தை செப்டம்பரிலேயே பாருங்கள். இலையுதிர் காலத்தில் பயணமும் பார்வையும் முடிந்துவிட்டால் குளிர்காலத்தில் விண்ணப்பம் எழுத அவசரம் இருக்காது. இடத்தைவிடக் கேட்பவர்கள் அதிகமாக இருந்தால் காத்திருப்புப் பட்டியல் வரும்.

திரும்பும் வழியையும் இப்போதே தெரிந்துவைத்திருங்கள். உங்கள் முகவரிக்குரிய பாடசாலையில் உங்கள் பிள்ளைக்கு எப்போதும் இடம் உண்டு, ஆகவே இந்த முடிவு திருத்த முடியாத ஒன்றன்று. பாடங்களைப் பிரெஞ்சு மொழியிலேயே கற்பிக்கும் பிரெஞ்சு இமேர்ஷனில் படிக்கும் பிள்ளை மட்டும் விதிவிலக்கு, எஸ்.கே. எனப்படும் மூத்த பாலர் வகுப்பில் தொடங்கும் அந்தப் பாதையிலிருந்து வெளியேறினால் மீண்டும் உள்ளே போவது அரிது. சேர்ந்தபின் நவம்பர் முன்னேற்ற அறிக்கையை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், முதல் மூன்று மாதம் எந்தப் பிள்ளையும் புதிய வீட்டுக்கு வந்த பூனைதான். மார்ச் விடுமுறையில் பிள்ளையிடமே கேளுங்கள், காலையில் வயிற்றுவலி வருவது குறைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்வதற்கு முன்போ, புதிய இடத்தின் உறுதிக் கடிதம் கைக்கு வருமுன் பழைய பாடசாலையிலிருந்து பெயரை நீக்காமலும், அந்தப் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கைகள் அனைத்தின் பிரதியையும் உங்களிடமே வைத்துக்கொண்டும் இருங்கள்.